மெருகு பூசாத முகங்கள்

அக்டோபர் 9, வியாழன்

காலையில் கண் ஆஸ்பத்திரி. புனிதவதியின் எண்ணைக் கூப்பிட்டபோது நான் வண்டியை நிழலுக்கு மாற்றப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மருந்துச் சீட்டோடு வெளியே நிற்கிறாள்.

"சொட்டு மருந்து போட்டாப் போதும்னுட்டாங்க" என்றாள்.

டாக்டரிடம் நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய்விட்டார். கண்ணில் நீரழுத்தம். வலது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. இடது கண்ணை நிறுத்திவைக்க இந்தச் சொட்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நேரம் தவறக் கூடாதாம். அது என் பொறுப்பு. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலை, வியாழக்கிழமை வழக்கப்படி கண்ணாடி அலமாரியைத் திறந்து பொம்மைகளைத் தூசி தட்டினேன். வெள்ளைக் கையுறை, ஆட்டுமயிர்த் தூரிகை. ஆட்டுக்காரி, கூண்டுக்காரன், திராட்சைக் கூடைக்காரி, குழலூதும் கிழவர், தூங்கும் குழந்தை. இந்தப் பெயர்கள் நான் வைத்தவை. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் வீட்டைக் காலி செய்தபோதெல்லாம் ஏலத்துக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கியவை. எல்லாம் மெருகு பூசாமல் சுட்ட பீங்கான். பிரெஞ்சில் பிஸ்க்வி என்பார்கள். அஞ்சலாட்சி எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த நாளிலிருந்து இவற்றுக்கு பிஸ்கோத்து பொம்மை என்றுதான் பெயர். புனிதவதிக்கு 'உங்க மாவு பொம்மைங்க'.

மெருகு இல்லாததால் இவை பளபளப்பதில்லை. விழுந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மாலை ஐந்து மணி வெயில் அலமாரிக்குள் நுழையும்போது பொம்மைகள் தாமே மூச்சு விடுவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பேசக் கூடாது.

வெறும் கை படவே கூடாது. மெருகு பூசிய பீங்கானில் விரல் பட்டால் துடைத்துவிடலாம். இதில் விரலின் எண்ணெய் பிடித்துக்கொண்டு, அதன்மேல் தூசி சேர்ந்து, சாம்பல் நிறக் கறையாகிவிடும். இந்த வீட்டில் புனிதவதியைக்கூட நான் தொடவிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

துலூஸிலிருந்து மகள் தேன்மொழி வீடியோவில் வந்தாள். குழந்தை மதுராவுக்கு இரண்டு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு முன் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னாள். புனிதவதி போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கிட்டக் காட்டுடி, இன்னும் கிட்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதற்குமேல் கிட்டக் காட்டினால் போனுக்குள்ளே போய்விடுவாள் என்று தேன்மொழி சிரித்தாள்.

அழைப்பு முடிந்த பிறகும் புனிதவதி போனைக் கீழே வைக்கவில்லை. குழந்தையின் மூக்கு யார் மூக்கு என்று என்னைக் கேட்டாள். இந்த வயதுக் குழந்தைகளுக்கு மூக்கு என்று ஒன்று தனியாகக் கிடையாது என்றேன்.

சொட்டு: இரு வேளையும் போட்டாயிற்று.

அக்டோபர் 15, புதன்

பிரெஞ்சு கலாசார அமைப்பு ஒன்றிலிருந்து ஜோஸ்லின் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், முத்தியால்பேட்டைக்காரி. டிசம்பர் கடைசியில் ஒரு கண்காட்சி. பழைய பிரெஞ்சு விருந்து மேசையை அப்படியே அலங்கரித்து வைக்கப்போகிறார்களாம். மேசையின் நடுவே என் ஐந்து பொம்மைகளும் வேண்டும்.

எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். பீங்கான் வருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட உருவங்களைச் சர்க்கரையில் செய்துதான் மேசை நடுவில் நிறுத்துவார்களாம். விருந்தாளிகள் கடைசிப் பலகாரத்தைச் சாப்பிடும்போது ஒரு சர்க்கரைத் தோட்டமே எதிரில் நிற்கும். பிறகு அந்த இடத்துக்கு இந்த வெள்ளைப் பீங்கான் வந்தது.

காப்பி கொண்டுவந்த புனிதவதி, "நம்ம சீர்த்தட்டுல வெக்கிற சக்கரை பொம்ம மாதிரி. எறும்பு மட்டும் வராது" என்றாள். ஜோஸ்லின் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

காப்பி டம்ளரை மேசை ஓரத்தில் வைத்திருந்தாள் புனிதவதி. நான் உள்ளே நகர்த்தி வைத்தேன். இப்போதெல்லாம் கவனம் வேறெங்கோ இருக்கிறது. பேத்தி நினைப்பு.

அக்டோபர் 16, வியாழன்

தூங்கும் குழந்தையின் இடது கன்னத்தில் மங்கலான நிழல். முதலில் ஜன்னல் கம்பியின் நிழல் என்று நினைத்து அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். நிழல் கூடவே திரும்பியது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. அதிரசம் கருகிவிட்டது. புனிதவதி செய்து அதிரசம் கருகியது இதுவே முதல் தடவை. அடுப்படி பல்பு மங்கல். நாளை மாற்ற வேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

அடுப்படிக்குப் புதிய பல்பு போட்டேன். கண் கூசும் வெளிச்சம். புனிதவதி நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்ல" என்றாள். அவ்வளவுதான்.

பொம்மைகளைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, யாரோ தொடுகிறார்கள். குழந்தையின் கன்னம் இரண்டும், நெற்றி, மூடிய இமைகள். ஆட்டுக்காரியின் மூக்குத் தண்டு. கிழவரின் தாடை. உருப்பெருக்கியால் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கறை முகத்தில் மட்டும் இருக்கிறது. பீடத்தில் இல்லை, இடுப்பில் இல்லை. ஒரு பொருளைத் தூக்குகிறவன் இடுப்பைத்தான் பிடிப்பான். இன்னொன்று: ஒவ்வொரு பொம்மையும் வைத்த இடத்தில், வைத்த கோணத்தில் இருக்கிறது. அஞ்சலாட்சி எதையும் எடுத்த இடத்தில் திருப்பி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் பகலில் வீட்டில் இருப்பது நாங்கள் இருவரும் அவளும்தான்.

புனிதவதி இன்று ஒரு யோசனை சொன்னாள். அலமாரியின் பின்பக்கம் வெள்ளைச் சுவராக இருப்பதால் பொம்மைகள் எடுபடவில்லையாம். கருநீலத் துணி ஒன்று மாட்டினால் என்ன என்றாள். இத்தனை வருடத்தில் என் பொம்மைகளைப் பற்றி அவள் யோசனை சொல்வது இதுதான் முதல் முறை. சந்தோஷமாக இருந்தது. கூறைநாட்டுப் பழம்புடவை ஒன்றைக் கிழித்து மாட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது. கடல் முன்னால் ஐந்து பேர் நிற்பதுபோல.

அலமாரியில் ஆறாவது ஆளும் உண்டு. முதன்முதலில் ஏமாந்து வாங்கிய மெருகு பூசிய பெண் ஒருத்தி. கீழ்த் தட்டில், மூலையில் நிற்கிறாள். அவளைக் காட்டி, "இவ மட்டும் துணி இல்லாமலே தெரிஞ்சா" என்றாள் புனிதவதி. பளபளப்புக்கு எப்போதும் ஒரு மவுசு இருக்கத்தான் செய்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிரட்டவில்லை, அலமாரிப் பொம்மைகளைத் தொட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"நான் எதுக்குய்யா அதுங்களத் தொடப்போறேன்? செத்தவங்க மொகம் மாரி வெள்ளவெளேர்னு இருக்குது. அந்தப் பக்கம் பெருக்கும்போதே நான் குனிஞ்ச தலை நிமிர்றதில்ல" என்றாள்.

அடுப்படிக்குள் பாத்திரம் ஒன்று விழுந்தது. புனிதவதி வெளியே வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சின்னப் பித்தளைப் பூட்டு. சாவி என் அரைஞாணில். இதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் கண்காட்சிக்கு ஒப்புக்கொண்ட பிறகு பொருளைக் காப்பது கடமை.

சாப்பிடும்போது புனிதவதியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "எப்ப தொறப்பீங்க?" என்று கேட்டாள். கண்காட்சிக்குக் கொடுக்கும்போது என்றேன். அது முடிந்து எப்போது திரும்பி வரும் என்றாள். பிப்ரவரி ஆகலாம் என்றேன். சாம்பார் ஊற்றிய இடத்திலேயே மறுபடி சாம்பார் ஊற்றினாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாகக் கடல் சத்தம் வீடு வரை கேட்கிறது.

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று என் முகத்தில் நடந்தது. பறக்கவில்லை, நடந்தது. நெற்றியில் தொடங்கி, புருவத்தின் மேலே கொஞ்சம் நின்று, மூக்குத் தண்டு வழியாக இறங்கி, உதட்டோரத்தில் யோசித்து, பிறகு கன்னம் வழியே இடது காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குப் பிறவியிலேயே கடுகு பதியும் அளவுக்கு ஒரு குழி உண்டு. கிருதா மயிர் மறைத்திருக்கும். என்னைப் பெற்றவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது.

விழித்தபோது புனிதவதி பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மழை விட்டதா என்று கேட்டேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் விடல" என்றாள்.

நவம்பர் 8, சனி

மாடிப்படிகளின் விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டினேன். பொங்கலுக்கு ஆட்கள் வருவார்கள்; தெரியாத வீட்டில் யாருக்கும் கால் இடறலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

போர் நினைவுச் சின்னத்தில் மரியாதை நிகழ்ச்சி. ஆண்டுதோறும் போவதுபோல் போனோம். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்கள் பதக்கங்களோடு வெயிலில் நின்றார்கள். முடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். புனிதவதி என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். கலியாணமாகி நாற்பது வருடத்தில் தெருவில் அவள் என்னைப் பிடித்து நடந்ததில்லை. காரைக்கால் வளர்ப்பு அப்படி. எனக்குக் கூச்சமாக இருந்தது; கையை எடுக்கச் சொல்லவும் மனமில்லை.

கடல் இன்று பால் நிறத்தில் இருந்தது. வானமும் அதே நிறம். எங்கே கடல் முடிகிறது என்று தெரியவில்லை. "எல்லாம் ஒண்ணா இருக்குது பாருங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது கடலை அல்ல, கடைகள் இருந்த பக்கம்.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி அந்துப்பூச்சி. இந்த முறை அவசரமே இல்லாமல். கனவு கலைந்துவிடுமோ என்று கனவுக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பூச்சியின் கால்களில் லேசான விளக்கெண்ணெய் வாசனை.

நவம்பர் 20, வியாழன்

ஜோஸ்லின் பொம்மைகளைச் சோதிக்க வந்தாள். தன் சொந்தக் கையுறை, தன் சொந்த விளக்கு. அரை மணி நேரம் பேசாமல் பார்த்தாள். கறை முழுதாகப் போகாது, ஆனால் ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி குறையும் என்றாள். அவர்களிடம் அதற்கு ஆள் இருக்கிறதாம். நிமிர்ந்து, "சார், இது வேலைக்காரங்க கை மாதிரி இல்ல. கண்ணிமை மடிப்புக்குள்ள வரைக்கும் தொட்டிருக்காங்க. யாரோ ரொம்பப் பொறுமையா..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

புனிதவதி வாசல்படியில் நின்றிருந்தாள். ஜோஸ்லின் அவளைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், அவள் கையைப் பிடித்து, "வரேன் ஆன்ட்டி" என்றாள்.

டிசம்பர் 5ஆம் தேதி வண்டி அனுப்புகிறார்கள்.

நவம்பர் 27, வியாழன்

புயல் எச்சரிக்கை. மின்சாரம் இல்லை. சொட்டு மருந்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் போட்டேன். மருந்து கன்னத்தில் வழிந்தது. என் கை தவறிவிட்டது என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "எங்க விழுந்தா என்ன" என்றாள்.

டிசம்பர் 1, திங்கள்

அஞ்சலாட்சியை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். பூட்டியிருந்த அலமாரியின் கண்ணாடிமேலேயே விரல் தடங்கள், தூங்கும் குழந்தை பொம்மை படுத்திருக்கும் உயரத்துக்கு நேராக. இதற்குமேல் பொறுக்க முடியாது. அவள் சண்டை போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "வரேம்மா" என்று மட்டும் குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

புனிதவதி இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு மொட்டைமாடியில் விளக்கு வைக்க ஏறினோம். நான் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றித் தருவது, அவள் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக வைப்பது. இது எங்கள் வழக்கம். தெரு முழுவதும் அகல்கள். மழைக்குப் பிறகான ஈரம். ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரு வளையம்.

நான்கு விளக்குகளைச் சரியாக வைத்தாள். ஐந்தாவதை, சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். விளக்கு கீழே பவழமல்லிச் செடிக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அவள் அடுத்த விளக்குக்காகக் கையை நீட்டினாள். பிறகுதான் சத்தம் அவளை எட்டியது.

"விழுந்துடுச்சா?"

"காத்து" என்றேன்.

"காத்து இல்லைங்க. எனக்கு வெளக்கு மட்டுந்தான் தெரியுது. செவுரு தெரியல."

அடுத்த அகலை அவள் கையில் தராமல் நானே சுவரின்மேல் வைத்தேன்.

"அஞ்சலாட்சிய வரச் சொல்லுங்க. பொம்மைங்களத் தொட்டது நான்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எப்போது என்று மட்டும் கேட்டேன். மதியம் நான் தூங்கும்போது என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் தொட்டாளாம். அதுவும் போதாது என்று அவளுக்குத் தெரியாது.

அக்டோபரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வியாழக்கிழமை டாக்டர் அவளிடம் சொன்னது வேறு. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஒரு புல்லாங்குழல் ஓட்டை அளவுக்குத்தான் மிச்சம். சொட்டு மருந்து அதை நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். தை மாதம் வரை தாங்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"மதுரா வரும்போது கண்ணு இருக்குமோ இருக்காதோ. கையாவது கத்துக்கிட்டு இருக்கட்டும்னு பாத்தேன். ஒரு மொகத்தத் தொட்டா அது எப்படி இருக்குதுன்னு மனசுல வரணும். சும்மா வராதுங்க அது. மொதல்ல எல்லாம் ஒரே கல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்கு பொம்மைதானா கெடச்சுது?"

"மனுசங்க மொகத்தத் தொட்டா எதுக்குன்னு கேப்பாங்க. பொம்ம கேக்காது."

தெருவில் யாரோ தீப்பொறி பறக்க மாவலி சுற்றினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அது மட்டும் தெரிந்திருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அந்தச் சொட்டு மருந்த அவ்ளோ நம்புனீங்க" என்றாள்.

மிச்ச விளக்குகளை அவள் கையைப் பிடித்து நான் வைத்தேன். யார் யாரைப் பிடித்தோம் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் 4, வியாழன்

அலமாரியைத் திறந்தேன். பழக்கத்தில் கையுறையை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டேன். அவள் அதைத் தடவிப் பார்த்து, என்னவென்று தெரிந்ததும், மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முதலில் மெருகு பூசியவளைக் கேட்டாள். மடியில் வைத்துக்கொடுத்தேன். விரல்கள் முகத்தில் வழுக்கிக்கொண்டு போயின. "பாருங்க, இவ புடிபட மாட்டேங்கறா. மொகத்து மேல தண்ணி நிக்கிற மாதிரி இருக்குது" என்றாள். பிறகு தூங்கும் குழந்தை. விரல்கள் நிதானமாயின. இமையின் கோடு, மூக்குத் துவாரத்தின் ஓரம், கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளம். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போனாள்.

செதுக்கியவர்கள் மெருகு வேண்டாமென்று விட்டதற்குக் காரணத்தை நான் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். மெருகு நுண்ணிய கோடுகளில் தேங்கி முகத்தை மழுக்கிவிடும் என்பேன். அது கண்ணுக்காகச் செய்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வெறும் விரலால் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் கல்தான் கிடைத்தது. குளிர்ந்த, கொஞ்சம் சொரசொரப்பான கல். "அவசரப்படாதீங்க" என்றாள். வெகுநேரம் கழித்து ஓர் இமை மட்டும் வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனேன். கோட்டக்குப்பம் போகும் வழியில், சகதி. அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன்.

"அம்மாதான்னு எனக்கு எப்பவோ தெரியும்யா" என்றாள்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேட்டது நான் தொட்டனான்னு. அம்மா தொட்டாங்களான்னு கேக்கலியே. புருசன் பொண்டாட்டி சமாச்சாரத்த வேலக்காரி சொல்லித்தான் தெரியணுமா?"

நாளைக் காலை வருகிறாள். அடுப்படியில் எதையும் இடம் மாற்றி வைக்கக் கூடாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, இரண்டு மாதமாக அவள் அப்படித்தான் வைக்கிறாள் என்றும் நான் கவனிக்கவில்லை என்றும் சொன்னாள்.

மாலையில் ஜோஸ்லினின் வண்டி வந்தது. திருப்பி அனுப்பினேன். அவளுக்குப் போன் செய்து, பொம்மைகளைத் தர இயலாது, அவை உபயோகத்தில் இருக்கின்றன என்றேன். "நல்லது சார். சக்கரையில செஞ்சு வச்சுக்கறோம்" என்றாள். அவள் வருத்தத்தை மறைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

கூண்டுக்காரன் சிரிக்கிறானாம். மேலுதட்டின் வலது ஓரம் ஏறியிருக்கிறது என்கிறாள். அவனை வாங்கிய நாளிலிருந்து அழப்போகிறான் என்றே நினைத்திருந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

முகங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் திரிந்த பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள்.

அந்துப்பூச்சிக் கனவு இந்த மாதம் ஒரு தடவையும் வரவில்லை.

டிசம்பர் 27, சனி

காலைச் சொட்டு போட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது என்றாள். நான் போய் ஜன்னலில் நின்றேன். "இப்ப யாரோ நிக்கிறாங்க" என்றாள். யார் என்று கேட்டேன். "வேற யாரு" என்றாள்.

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

தேன்மொழியிடம் சொல்லிவிட்டோம். அவள் அழுதாள். புனிதவதி அவளை அதட்டி, குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வேண்டாம், இங்கே மார்கழியிலும் வேர்க்கும் என்றாள்.

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கி வந்தேன். டாக்டர் தொடரச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 10, சனி

சென்னை விமான நிலையத்திலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார்கள். குழந்தை பால் குடித்ததும் புது இடம், புதுச் சத்தம் என்று ஒரே அழுகை. யாரிடமும் போகவில்லை. புனிதவதி கேட்கவில்லை. முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டு குழந்தை அழும் திசையையே பார்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலாட்சி குழந்தையைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, பிஸ்கோத்து மாரி இல்ல, நம்ம நெறமாத்தான் இருக்குது" என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

குழந்தை மதியம் தூங்கியது. என் கட்டிலில், மல்லாந்து, ஒரு கையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு. அலமாரிக்குள் இருக்கும் குழந்தையும் ஏறக்குறைய அப்படித்தான் படுத்திருக்கும். தேன்மொழி போய் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தாள்.

புனிதவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு நெற்றியில் தொடங்கினாள். புருவம். மூக்குத் தண்டு. உதட்டோரம். கன்னம். எந்த இடத்திலும் விரல் அழுத்தவில்லை. எந்த இடத்தையும் விடவும் இல்லை. குழந்தை ஒரு முறை பெருமூச்சு விட்டது. ஜன்னல் வழியாகப் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பவர்களின் சுண்ணாம்பு வாசனை வந்தது. வீட்டில் யாரும் அசையவில்லை.

"நெத்தி உன்னுதுடி. மோவா அவங்க அப்பாவுதா இருக்கும், நம்ம பக்கத்துல கெடையாது" என்றாள் மகளிடம். தேன்மொழி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு ஞாபகம் வந்து, வாய்விட்டு ஆமாம்மா என்றாள்.

விரல் இடது காதுக்கு முன்னால் போய் நின்றது. திரும்ப வந்தது. மறுபடி அங்கேயே நின்றது. புனிதவதியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"காதுக்கு முன்னாடி சின்னதா ஒரு குழி இருக்குது, கடுகு வெச்சு எடுத்த மாதிரி. இது உங்க அப்பாவுது."

தேன்மொழி குனிந்து பார்த்தாள். "ஆமா, இருக்கு! நானே பாக்கலியே. அப்பாவுக்கு எங்க இருக்கு?"

"இதே எடத்துலதான். கிருதா மறைச்சிருக்கும்."

தேன்மொழி என் பக்கம் வந்து மயிரை விலக்கிப் பார்த்து, "முப்பத்து மூணு வருசமா எனக்குத் தெரியாதே, உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று அம்மாவைக் கேட்டாள். "கூடவே இருக்கறன்ல" என்றாள் புனிதவதி. அவள் கை குழந்தையின் காதோரத்திலேயே இருந்தது. அந்தக் கையிலிருந்து, தினமும் தலைக்கு வைக்கும் விளக்கெண்ணெயின் வாசனை வந்தது.

தேன்மொழி விலக்கிய கிருதா மயிரை நான் மறுபடி சரிசெய்துகொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

தேன்மொழி குழந்தையோடு பொங்கல் சாமான் வாங்கப் போனாள். அஞ்சலாட்சியும் உடன் போனாள். வீடு அமைதியாக இருந்தது. அலமாரி திறந்தே கிடக்கிறது. சாவி எங்கே என்று தெரியவில்லை; தேடவும் இல்லை.

சாப்பிட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைத் தூங்குகிறவனின் மூச்சைப் போல நீளமாக விட்டேன். சற்று நேரத்தில் பக்கத்தில் பிரம்பு நாற்காலி நகர்ந்தது. உள்ளங்கைகள் உரசும் சத்தம்.

அசையாமல் இருந்தேன்.